டீச்சரிடம் கேளுங்கள்: பாயைச் சுருட்டினாலும் அது தட்டைதான்

சென்ற இதழில் நம் தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில் இருக்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி எழுதும்போது, "பிரபஞ்சம் தட்டையானது என்று அளந்து கண்டிருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, விளக்கம் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆசிரியர் இந்த மாதம் என் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டார். சாட்ஸ்வொர்த்தில் 31 வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

கேள்வி: டீச்சர், உங்கள் வரியைப் படித்ததிலிருந்து எனக்கும் பேரனுக்கும் தினமும் வாக்குவாதம். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பிரபஞ்சமே தட்டை என்றால், தோசைக்கல் மாதிரியா? அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது? அதற்குள்ளேயே இருந்துகொண்டு அதன் வடிவத்தை எப்படிப் பார்த்தார்கள்? (வாசகி, பீனிக்ஸ்)

பதில்: அம்மா, தோசைக்கல் இல்லை. அதற்கு மேல், கீழ் என்று எதுவும் இல்லை. 'தட்டை' என்றதும் கண்முன் ஒரு தட்டு வந்து நிற்கிறது. அந்தக் குற்றம் சொல்லுடையது, உங்களுடையது இல்லை. பிரபஞ்சம் நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள இடம்தான். அதில் வரையும் முக்கோணமும் வட்டமும் நாம் பள்ளி நோட்டில் வரைந்தவை போலவே நடந்துகொண்டால் கணிதக்காரர்கள் அதைத் தட்டை என்கிறார்கள். அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அப்பளத்தைப் பார்த்தபோதுதான் இதை எப்படிச் சொல்லலாம் என்று பிடிபட்டது. பொரிக்காத அப்பளம் மேசையில் படிந்து கிடக்கும். பூக்கட்டும் நூலை விளிம்பில் சுற்றி அளந்தால் விட்டத்தைப் போல 3.14 மடங்கு வரும். எண்ணெயில் போட்டதும் சில அப்பளங்களில் நடுப்பகுதி கூடுதலாக விரிந்து, விளிம்பு பின்தங்கிவிடும். அவை கிண்ணம் போலக் குழியும். சிலவற்றில் விளிம்பு கூடுதலாக விரியும். அந்த அதிக நீளத்துக்குப் போக இடமில்லாமல் பாவாடை ஓரம் போல அலையலையாக நெளியும். பொரித்த இரண்டையும் நூல் வைத்து அளந்து பார்த்தேன், குறுக்கே அளக்கும்போது அப்பளத்தின் மேலேயே நூலைப் படியவிட்டு. கிண்ணமாகக் குழிந்ததில் 3.14-க்குக் குறைவாக வந்தது, நெளிந்ததில் அதிகமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த நூலை மட்டும் என் கையில் கொடுத்திருந்தாலும் எந்த அப்பளம் எப்படி வளைந்தது என்று சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த நூலில்தான் இருக்கிறது. வடிவம் தெரிய வெளியே போய் நின்று பார்க்க வேண்டியதில்லை. உள்ளேயே அளந்தால் போதும்.

என் தாத்தா டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவர். 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி. அவர் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் எந்தத் தோட்டம் எங்கே மேடேறுகிறது, எந்த வரப்பு எங்கே திரும்புகிறது என்று மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டுவார். எல்லாம் நடந்து நடந்து அளந்தது. மேலேயிருந்து பார்த்தவர் யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.

பூமிக்கு வருவோம். டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுன் மூன்றையும் விமானம் பறக்கும் நேர்க்கோட்டால் இணையுங்கள். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் சுமார் 500 கிலோமீட்டர். கேப்டவுனுக்கு இரண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய 1,270 கிலோமீட்டர். இந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி வராது, சுமார் 180.4 வரும். இந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும் வரைக்கும் காத்திருப்பேன். பூமியின் வளைவு தந்தது அது. முக்கோணம் பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடும். தென் துருவத்தில் ஒரு முனை, காபோன் நாட்டு லிப்ரவில் நகரில் ஒரு முனை, சுமத்திராவின் பாடாங்கில் ஒரு முனை என்று வைத்தால் மூன்றுமே ஏறக்குறைய செங்கோணம், மொத்தம் சுமார் 270. அதே சமயம், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பள்ளி மைதானத்துக்குள் முக்கோணம் போட்டால் எந்தக் கருவிக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த மைதானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

பிரபஞ்சத்துக்கும் இதே வேலைதான், முக்கோணம்தான் பெரிது. அடிப்பக்கம் எவ்வளவு நீளம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், நம் கண்ணுக்கு அது எத்தனை டிகிரி அகலமாகத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பிறகு வானத்தில் அளக்க வேண்டும். கணக்கோடு ஒத்துப்போனால் தட்டை. எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தால் உருண்டை வகை வளைவு. சிறிதாகத் தெரிந்தால் நெளிந்த அப்பளத்தின் வகை. புத்தகங்களில் இதைக் குதிரைச் சேணம் என்று எழுதுவார்கள்.

அவ்வளவு தூரத்தில் நீளம் தெரிந்த ஒரு குச்சிக்கு எங்கே போவது? இயற்கையே ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு இந்த வயதிலும் வியப்பு அடங்காத இடம் இது. தொடக்கத்தில் பிரபஞ்சம் முழுவதும் கொதிக்கும் பிளாஸ்மாவாக, அதாவது அணுவாகச் சேராத மின்துகள்களின் குழம்பாக இருந்தது. ஒளியும் பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. அதில் கொஞ்சம் அடர்த்தி கூடிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒலி அலை கிளம்பி, குளத்தில் கல் விழுந்த மாதிரி பரவியது. ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகம் அந்த ஒலிக்கு. சுமார் 3,80,000 வருடம் கழித்து எல்லாம் ஆறி, அணுக்கள் உண்டாகி, ஒளி விடுபட்டது. அந்த நொடியில் ஒலி அலைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அதுவரை ஓர் அலை போயிருக்கக்கூடிய தூரம் சுமார் 4,30,000 ஒளியாண்டு. (3,80,000 வருடத்தில் எப்படி அத்தனை தூரம் என்று கணக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒலி போய்க்கொண்டிருக்கும்போதே அது கடந்து வந்த இடமும் பின்னால் விரிந்துகொண்டிருந்தது.) அந்த 4,30,000 ஒளியாண்டுதான் நம் குச்சி.

விடுபட்ட அந்த ஒளி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் நுண்ணலையாக வந்துகொண்டிருக்கிறது. இப்போது அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். அது புறப்பட்டபோது அந்த இடம் நம்மிடமிருந்து சுமார் 4.15 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. இடம் தட்டையாக இருந்தால் 4.3 லட்சம் நீளமுள்ள குச்சி 4.15 கோடி தூரத்தில் எவ்வளவு தெரிய வேண்டும்? சுமார் 0.6 டிகிரி. பௌர்ணமி நிலாவின் அகலம் அரை டிகிரி. அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அளந்தவர்களின் கதையும் நல்ல கதை. 1998 டிசம்பர் கடைசியில் அண்டார்டிகாவில் பூமராங் என்ற கருவியை ஒரு பெரிய பலூனில் கட்டி, 37 கிலோமீட்டருக்கு மேலே அனுப்பினார்கள். துருவத்தைச் சுற்றி வீசும் காற்று அதைப் பத்து நாளில் ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே கொண்டுவந்து விட்டது. 2000 ஏப்ரலில் முடிவு வெளியானது: நுண்ணலை வானத்தின் சூடு, குளிர்ச்சித் திட்டுகள் தட்டையான இடத்தில் எந்த அளவு தெரிய வேண்டுமோ அந்த அளவே இருந்தன. பிறகு அமெரிக்க விண்கலம் டபிள்யூமேப், அதற்குப் பிறகு 2009-ல் ஏவிய ஐரோப்பிய விண்கலம் பிளாங்க். அந்த 0.6 டிகிரியைப் பிளாங்க் அளந்ததில் உள்ள பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விண்மீன் மண்டலங்களின் அளவீடுகளையும் அதோடு சேர்த்துப் பார்த்தால், வளைவைக் குறிக்கும் எண் 0.0007 என்று வந்தது, பிழை வரம்பு 0.0019. பூச்சியம் அந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது.

இனி அந்த மைதானம். வளைவு கொஞ்சம் இருந்து, அது இந்தப் பிழை வரம்புக்குள் ஒளிந்திருந்தால், அந்த வளைவின் ஆரம் 20,000 கோடி ஒளியாண்டுக்கு மேல் இருக்க வேண்டும். நம்மால் பார்க்க முடிகிற எல்லையோ ஒவ்வொரு பக்கமும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு. மைதானத்துக்குள் நின்று முக்கோணம் போட்ட பிள்ளைகளின் நிலைமைதான் நமக்கும். அதனால் உங்கள் பேரனிடம் இப்படிச் சொல்லுங்கள்: அளக்க முடிந்த வரைக்கும் தட்டை. வாக்குவாதத்தில் அவனுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி.

கேள்வி: டீச்சர், அந்த வடிவத்தை எது தீர்மானிக்கிறது? (வாசகர், போர்ட் ஷெப்ஸ்டோன்)

பதில்: உள்ளே இருக்கும் சரக்கு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்து ரஷ்யாவின் ஃபிரீட்மான் 1922-லும் 1924-லும் இதைக் காட்டினார். பொருளும் ஆற்றலும் ஒரு குறிப்பிட்ட அடர்த்திக்கு மேல் இருந்தால் உருண்டை வளைவு, குறைந்தால் சேணம், சரியாக அந்த அளவில் இருந்தால் தட்டை. இன்றைய கணக்கில் அந்த அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஐந்து ஹைட்ரஜன் அணுவின் எடைக்குச் சமம். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவு இடத்தில் ஐந்தே அணு! அந்த ஐந்திலும் நாம் தொட்டுப் பார்க்கும் வகைப் பொருள் கால் அணு அளவுதான். மற்றதெல்லாம் என்னவென்று இன்னும் பிடிபடாத இருண்ட பொருள், இருண்ட ஆற்றல்.

கேள்வி: தட்டை என்றால் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்குமா? முடிவு உண்டென்றால் விளிம்பு ஒன்று இருக்க வேண்டுமே, அதற்கு அப்பால் என்ன? (வாசகர், மெரிபேங்க்)

பதில்: ஐயா, நம் வீடுகளில் பழைய கோரைப் பாய் ஒன்றாவது மிச்சம் இருக்கும். அதை விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் ஒரு முக்கோணம் போடுங்கள். கோணங்கள் 180. இப்போது பாயைச் சுருட்டி இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். முக்கோணம் கசங்கியதா, இழுபட்டதா? எதுவும் இல்லை. கோணங்கள் அதே 180. சுருட்டினாலும் பாய் தட்டைதான். ஆனால் அதன் மேல் ஒரு பக்கமாக நடந்துகொண்டே போனால் விளிம்பையே பார்க்காமல் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம்.

பிரபஞ்சத்துக்கும் இப்படி ஓர் அமைப்பு இருக்க முடியும். தட்டையாகவும் இருக்கும், அளவுக்கு உட்பட்டும் இருக்கும், விளிம்பும் இருக்காது. வளைவு ஒரு கேள்வி, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. வகுப்பில் பல வருடம் நான் இந்த இரண்டையும் ஒன்றாகவே சொல்லிக்கொடுத்துவிட்டேன். தட்டை என்றால் எல்லையற்றது என்று எழுதிப்போட்டிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் இதை வாசித்தால் அந்த வரியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்வியை முதலில் ஊன்றிக் கேட்டவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர்: கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் எல்லிஸ். இனவொதுக்கல் ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்தவர் என்று என் தலைமுறைக்கு அவரைத் தெரியும். 1971-லேயே பிரபஞ்சம் எப்படியெல்லாம் ஒட்டியிருக்கக்கூடும் என்று எழுதினார். 1986-ல், பிரபஞ்சம் நாம் பார்க்கும் எல்லையைவிடச் சிறியதாக இருந்தால் வானத்தில் என்ன தெரியும் என்று ஆராய்ந்து இன்னொரு கட்டுரையும் எழுதினார். அப்படியிருந்தால் ஒரே மண்டலத்தின் ஒளி இரண்டு மூன்று திசையிலிருந்து வரும். கண்ணாடி பதித்த அறையில் நிற்பது போல.

தேடாமல் இல்லை. நுண்ணலை வானத்தில், வெவ்வேறு திசைகளில் இரண்டு வட்டங்களின் சூடு, குளிர்ச்சி வரிசை ஒன்றுபோலவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று கார்னிஷ், ஸ்பெர்கல், ஸ்டார்க்மன் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். 2003-ல் பிரான்ஸின் லூமினே குழு, பிரபஞ்சம் பன்னிரண்டு ஐங்கோண முகங்களால் ஆனதாக, எதிர் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியதாக இருக்கலாம் என்று எழுதி ஒரு பரபரப்பே உண்டானது. மறு வருடம் டபிள்யூமேப் தரவில் தேடினார்கள்; இரட்டை வட்டம் எதுவும் அகப்படவில்லை. பிளாங்க் தரவிலும் அகப்படவில்லை. அதோடு கதவு மூடிவிட்டதா என்றால் இல்லை. 2024-ல் ஸ்டார்க்மன் அங்கம் வகிக்கும் ஒரு குழு மறுபடி கணக்குப் போட்டு, முறுக்கி ஒட்டிய பல வடிவங்களை இந்தத் தேடல்கள் இன்னும் விலக்கவில்லை என்று காட்டியது. நீங்கள் கேட்ட கேள்வி, ஐயா, இன்று வரை திறந்தே கிடக்கிறது.

கேள்வி: ஆன்ட்டி, நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளாங்க் தரவு உண்மையில் மூடிய, உருண்டையான பிரபஞ்சத்தைக் காட்டுகிறது என்று 2019-ல் ஒரு கட்டுரை வந்திருக்கிறதே. நீங்கள் தட்டை என்று உறுதியாக எழுதியது சரியா? (மாணவர், லெனேஷியா)

பதில்: தம்பி, நல்ல இடத்தில் பிடித்தாய். டி வாலென்டினோ, மெல்கியோரி, சில்க் மூவரும் எழுதிய கட்டுரை அது. அவர்கள் சொன்னது உண்மை. பிளாங்க்கின் நுண்ணலைத் தரவை மட்டும் தனியாக எடுத்தால் வளைவு எண் மைனஸ் 0.04 பக்கம் சாய்கிறது. அது உருண்டை வகை. நான் மேலே கொடுத்த 0.0007 மற்ற அளவீடுகளையும் சேர்த்த பிறகு வருவது.

ஏன் இந்தச் சாய்வு? அந்த ஒளி நம்மிடம் வரும் வழியில் விண்மீன் மண்டலக் கூட்டங்களைத் தாண்டி வருகிறது. அவற்றின் ஈர்ப்பு ஒளியைக் கொஞ்சம் வளைக்கும். பிளாங்க் படத்தில் இந்த வளைப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பது போலத் தெரிகிறது. பொருளின் அளவைக் கூட்டி, பிரபஞ்சத்தை மூடியதாக வைத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் சரிக்கட்டும். அதனால்தான் கணக்கு அந்தப் பக்கம் போகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கேப்டவுனில் 1752-ல் நடந்தது நினைவுக்கு வரும். பிரான்ஸிலிருந்து லகாய் என்ற வானியலாளர் வந்திருந்தார். வேலை, பூமியின் வடிவத்தை அளப்பது. தெற்கு முனை கேப்டவுனின் ஸ்ட்ராண்ட் தெரு, வடக்கு முனை சுமார் 135 கிலோமீட்டர் தள்ளி, இன்றைய அரோரா ஊருக்குப் பக்கத்தில் கிளிப்ஃபோன்டெய்ன். இரண்டு இடத்திலும் தூக்குநூல் கட்டித் தலைக்கு நேர்மேல் எது என்று பார்த்து, அங்கிருந்து நட்சத்திரங்களின் கோணத்தை அளந்தார். ஒரு டிகிரிக்கு எத்தனை தூரம் என்று கணக்கிட்டால் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது. அதன்படி பூமியின் தென் பாதி வட பாதியைப் போல இல்லை, பேரிக்காய் மாதிரி நீண்டிருக்க வேண்டும்! லகாய் கவனமான மனிதர், அளந்ததில் குறையில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் யாராலும் அதை விளக்க முடியவில்லை.

விடை கண்டவருக்கு நம் பூர்வீக மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. 1802-ல் சென்னைப் பரங்கிமலையில் முதல் அளவுக் கோட்டினைப் போட்டு, லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கினார் அல்லவா, அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். உடம்பு சரியில்லாமல் ஓய்வெடுக்க 1820-ல் கேப்டவுன் வந்தவர், ஓய்வெடுக்காமல் லகாய் நின்ற இடங்களைத் தேடிப் போனார். மேசை மலையைப் பார்த்தார், வடக்கு முனைக்கு அருகே இருந்த மலைகளையும் பார்த்தார். மலையின் ஈர்ப்பு தூக்குநூலைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது என்று எழுதினார். நூல் சாய்ந்தால் தலைக்கு நேர்மேலும் சாயும். 1840-களில் மக்ளியர் என்ற வானியலாளர் லகாயின் அளவுக் கோட்டினை இன்னும் நீட்டி, மலைகளுக்கு அப்பாலும் கொண்டுபோய் மறுபடி அளந்தார். பேரிக்காய் மறைந்துபோயிற்று.

தாத்தாவும் இதையேதான் சொல்வார்: "சங்கிலி பொய் சொல்லாது, ஆனா வெயில்ல நீளும்." காலையில் அளந்ததையும் உச்சி வெயிலில் அளந்ததையும் அவர் ஒன்றாகச் சேர்க்க விடமாட்டார். வெப்பம் 20 டிகிரி ஏறினால் 66 அடி இரும்புச் சங்கிலி சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். ஒரு சங்கிலிக்கு அது ஒன்றுமில்லை. ஒரு தோட்டத்தைச் சுற்றி வரும்போது வரப்பே இடம் மாறிவிடும்.

சரி, பிளாங்க்கில் இருப்பது மலை இழுத்த நூலா, உண்மையான வளைவா? 2020-ல் எஃப்ஸ்டாத்தியூவும் கிராட்டனும் அதே தரவை வேறு விதமாகப் பகுத்துப் பார்த்து, உருண்டைப் பக்கம் சாய்வதற்கான ஆதாரம் பலவீனம் என்றார்கள். மண்டலங்களின் அளவீட்டைச் சேர்த்தால் தட்டையோடு நன்றாகவே பொருந்துகிறது என்றும் காட்டினார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு அளவீடுகளை முதலில் சேர்க்கலாமா என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் மனம் தட்டைப் பக்கம்தான், காரணம் பல விதமான குச்சிகளை வைத்து அளந்தும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். ஆனால் மக்ளியர் செய்தது போல இன்னும் நீண்ட கோடு, மலைகளைத் தாண்டிய கோடு வேண்டும். நீ படித்து முடித்து வருவதற்குள் அந்த வேலை தீர்ந்துவிடாது. வா.

கேள்வி: அந்த ஆதி ஒளியை நாம் வீட்டில் இருந்தே பார்க்க முடியுமா? (வாசகி, ஸ்டாங்கர்)

பதில்: ஒரு காலத்தில் பார்த்திருக்கிறோம். இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான். எங்கள் தெருவில் முதலில் வாங்கியவர் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். நிகழ்ச்சி முடிந்த பிறகும் சின்னப் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டோம், திரையில் புள்ளி புள்ளியாக இரையுமே, அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த இரைச்சலில் சுமார் நூற்றில் ஒரு பங்கு அந்த ஆதி ஒளி. அமெரிக்காவில் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் போகாமல் நின்ற இரைச்சலைத் துரத்திப் போய் 1965-ல் அறிவித்ததும் இதைத்தான். இப்போதைய டிஜிட்டல் டிவியில் அந்தப் புள்ளிகள் வராது. பழைய பெட்டி யார் வீட்டிலாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டீச்சர், எனக்கு 12 வயது. இந்த வேலையை நம் நட்டாலில் யாராவது செய்கிறார்களா? (மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: செய்கிறார்கள், கண்ணு. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் தலைமை தாங்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, பெயர் ஹைரக்ஸ். கரூவில், மீர்காட்டின் 64 கிண்ணங்கள் நிற்கும் அதே பக்கத்தில், ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலத்தில் 1,024 கிண்ணங்களை நெருக்கமாக வரிசை வரிசையாக நிறுத்த வேண்டும் என்பது திட்டம். எல்லாமே வானத்தைப் பார்த்தபடி நகராமல் நிற்கும், பூமி சுழலச் சுழல வானம் அவற்றின் மேலே கடந்து போகும்.

மேலே பீனிக்ஸ் பாட்டிக்கு எழுதினேனே, நின்றுபோன ஒலி அலைகள் என்று, அவை பிறகும் அழியவில்லை. அலை நின்ற இடங்களில் பொருள் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்து, அங்கே விண்மீன் மண்டலங்களும் கொஞ்சம் கூடுதலாக உண்டாயின. குச்சியும் பிரபஞ்சத்தோடு சேர்ந்து விரிந்து, இன்று சுமார் 48 கோடி ஒளியாண்டு நீளம் ஆகிவிட்டது. 2005-ல் மண்டலங்களின் வரைபடத்தில் முதன்முதலாக அதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அமெரிக்காவின் அரிசோனாவில் டெசி என்ற கருவி 5,000 கண்ணாடி இழைகளால் ஒரே நேரத்தில் 5,000 இடங்களைப் பார்த்து அதையே அளக்கிறது. ஹைரக்ஸ் மண்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்க்காது. அவற்றில் உள்ள ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை விடும். 700 கோடி முதல் 1,100 கோடி வருடம் பயணம் செய்து வரும்போது அது 37 முதல் 75 சென்டிமீட்டர் வரை நீண்டுவிடும். அந்த நீண்ட அலையைப் பிடித்து, குச்சி அந்தந்தக் காலத்தில் எத்தனை டிகிரி அகலம் தெரிந்தது என்று அளப்பார்கள். லெனேஷியா அண்ணனுக்கு நான் சொன்ன நீண்ட கோடு இதுவும்தான்.

இத்தனை மெல்லிய அலையைக் கேட்க அமைதி வேண்டும். கார்னாவன் ஊருக்கு அப்பால் உள்ள அந்தப் பகுதியை 2007-ல் ஒரு சட்டமே போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். கைப்பேசி, ரேடியோ, மைக்ரோவேவ் அடுப்பு எதுவுமே அங்கே தொல்லைதான். உன் பள்ளியிலிருந்து ஒரு நாள் அங்கே கூட்டிப்போனால், வாசலிலேயே கைப்பேசியை அணைக்கச் சொல்வார்கள். அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அந்தக் கிண்ணங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பார். திரும்பி வந்ததும் எனக்கு எழுது.